துணி டயப்பர் முதல்முறையா? ஆறே ஆறோடு ஆரம்பியுங்கள்

துணி டயப்பர் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான். சூப்பர்பாட்டம்ஸ், பம்பாடம், பம்பெர்ரி என்று நம் நாட்டிலேயே நிறைய இருக்கின்றன. பிராண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொடை இடுக்கில் எலாஸ்டிக் சரியாக உட்காருகிறதா, உங்கள் வீட்டுத் தண்ணீரில் அது சுத்தமாக வெளுக்கிறதா, இந்த இரண்டும்தான் முக்கியம். "வாங்கினோம், ஒழுகிச்சு, மூலையில போட்டுட்டோம்" என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், இரண்டில் ஒன்று தவறியிருப்பது தெரியும். அதனால் வாங்குவதைச் சுருக்கமாகவும், மாட்டுவதையும் துவைப்பதையும் விரிவாகவும் எழுதுகிறேன்.

டிஸ்போசபிள் டயப்பர் போடுகிறவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அது எங்கே போகிறது என்று யோசிக்க வேண்டும். உள்ளே மரக்கூழ், ஈரத்தை ஜெல்லாக மாற்றும் சோடியம் பாலிஅக்ரிலேட், சுற்றிலும் பிளாஸ்டிக். மக்கவும் மக்காது, மறுசுழற்சிக்கும் எடுக்க மாட்டார்கள். தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016-லிருந்தே திடக்கழிவு விதிகள் சொல்லிவருகின்றன. அப்படிக் கொடுக்காத வீட்டின் டயப்பரை ஒரு தூய்மைப் பணியாளர்தான் கையால் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

படி 1: என்ன வாங்குவது

ஆன்லைனில் ஏகப்பட்ட பெயர்கள் இருக்கும். பிரித்துப் பார்த்தால் இருப்பது இரண்டே பாகம்: வெளியே கசியாத உறை, உள்ளே ஈரத்தைக் குடிக்கும் பட்டையான இன்சர்ட். உறை பெரும்பாலும் பி.யூ.எல். துணி, அதாவது உள்பக்கம் மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒட்டிய பாலியஸ்டர்.

இன்சர்ட்டை உறைக்குள் அப்படியே வைத்தால் அது கவர் வகை. இரண்டு துணிக்கு நடுவே பைபோலத் தைத்து, அதற்குள் செருகினால் பாக்கெட் வகை. எல்லாவற்றையும் சேர்த்தே தைத்திருந்தால் ஆல்-இன்-ஒன். கடைசி வகை மாட்டுவதற்குச் சுலபம், தாத்தா பாட்டி கையில்கூடத் தைரியமாகக் கொடுக்கலாம். ஆனால் காய நேரமாகும். சென்னை மாதிரி காற்றில் ஈரமுள்ள ஊரில் முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் பாக்கெட் அல்லது கவர்தான் சொல்வேன். உறை சீக்கிரம் காய்ந்துவிடும், இன்சர்ட்டைத் தனியே வெயிலில் போடலாம்.

இன்சர்ட்டில் மைக்ரோஃபைபர் மலிவு, வேகமாக உறிஞ்சும். ஆனால் அழுத்தினால் உறிஞ்சியதைத் திரும்பக் கக்கிவிடும். குழந்தையை இடுப்பில் வைத்ததும் உங்கள் சேலை நனைவது இதனால்தான். தோலில் உள்ள ஈரத்தையும் இழுத்துவிடும் என்பதால் அதை நேரடியாகத் தோலில் படும்படி வைக்கவே கூடாது. பருத்தியும் சணப்பு (ஹெம்ப்) நாரும் மெதுவாகக் குடிக்கும், ஆனால் குடித்ததை விடாது. பாக்கெட்டுக்குள் மேலே மைக்ரோஃபைபர், அடியில் பருத்தி என்று வைத்தால் இரண்டின் நல்லதும் கிடைக்கும்.

எடுத்தவுடன் இருபது வாங்காதீர்கள். ஆறு போதும். பகலில் மட்டும் துணி, இரவில் டிஸ்போசபிள் என்று ஆரம்பியுங்கள். ஒத்துவந்த பிறகு, ஒன்று விட்டு ஒரு நாள் துவைப்பதாக இருந்தால் பதினைந்து வரை சேர்த்துக்கொள்ளலாம். கணக்கும் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு டிஸ்போசபிள் 10 ரூபாய், நாளைக்கு ஆறு என்று வைத்தால் மாதம் 1,800 ரூபாய். ஒரு துணி டயப்பர் 700 ரூபாய் என்றால் பதினைந்துக்கு 10,500. சோப்பு, கரண்ட் செலவையும் சேர்த்தால், முழுநேரமும் துணிக்கு மாறிய பிறகு ஏழெட்டு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

பிறந்த குழந்தைக்கு இதெல்லாம் அவசரமே இல்லை. 'ஒரே சைஸ்' என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் 5 கிலோவுக்கு மேல்தான் ஒழுங்காக உட்காரும். தொப்புள்கொடி காய்ந்து விழும் வரை அந்த இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். அதுவரை பழைய வேட்டியில் கிழித்த கோமணத் துணியை மிஞ்ச எதுவும் இல்லை.

படி 2: முதல் துவைப்பு

வாங்கியதை அப்படியே மாட்டாதீர்கள். பருத்தி, சணப்பு இன்சர்ட்டில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருக்கும். ஐந்தாறு முறை அலசிக் காயவைத்த பிறகுதான் அது முழுதாக உறிஞ்சும். வீட்டுத் துணியோடு சேர்த்தே போட்டு எடுக்கலாம். தயாராகிவிட்டதா என்று பார்க்க, இன்சர்ட் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே இறங்கினால் சரி. முத்து முத்தாக உருண்டு ஓடினால் இன்னும் இரண்டு அலசல் வேண்டும். இந்தச் சோதனையை மறக்காதீர்கள், பின்னால் திரும்பவும் தேவைப்படும்.

படி 3: மாட்டுவது

குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, டயப்பரின் பின்பக்கம் இடுப்பு வரை வரும்படி அடியில் வையுங்கள். முன்பக்கம் இருக்கும் பிரஸ் பட்டன் வரிசைகள் உயரத்தைக் கூட்டிக் குறைக்க. சின்னக் குழந்தைக்கு உயரத்தைக் குறைத்து மாட்டுங்கள். முன்பக்கத்தை மேலே கொண்டுவரும்போது, கால் எலாஸ்டிக் ஜட்டி உட்காரும் கோட்டில், தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்புக்குள் போக வேண்டும். எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான். டிஸ்போசபிள் பழக்கத்தில் எலாஸ்டிக்கைத் தொடை மேலேயே விட்டுவிடுகிறோம். கால் அசைந்ததும் இடைவெளி விழுந்துவிடும். ஆள்காட்டி விரலை எலாஸ்டிக் ஓரமாக ஓட்டி, உள்ளே தள்ளி உட்காரவையுங்கள்.

பிறகு இடுப்புப் பட்டன். வயிற்றுக்கும் டயப்பருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அளவு சரி. அதற்கு மேல் நுழைந்தால் தளர்வு. இனி சுற்றிலும் ஒரு பார்வை: உள்துணியோ இன்சர்ட்டோ ஒரு நூல் அளவு வெளியே எட்டிப் பார்த்தாலும் ஈரம் அது வழியாகச் சட்டைக்கு இறங்கிவிடும். எல்லாவற்றையும் உள்ளே செருகுங்கள்.

ஆண் குழந்தைக்கு இன்சர்ட்டின் முன்பக்கத்தை ஒரு மடிப்பு மடித்து, குஞ்சாவைக் கீழ்நோக்கி வைத்து மாட்டுங்கள். மேல்நோக்கி இருந்தால் எத்தனை இன்சர்ட் வைத்தாலும் தொப்புள் வழியாகத்தான் வெளியே வரும். பெண் குழந்தைக்கு நடுவிலும் பின்னாலும் கனம் வேண்டும்.

கழற்றும்போது தொடையில் சாக்ஸ் தடம் மாதிரி லேசான கோடு இருந்து, கொஞ்ச நேரத்தில் மறைந்தால் கவலை இல்லை. ஆழமாகப் பதிந்து, சிவந்து, மறையாமல் இருந்தால் ஒரு பட்டன் தளர்த்துங்கள்.

படி 4: எப்போது மாற்றுவது

பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. மலம் போனால் உடனே. 'மேலே காய்ந்துதானே இருக்கிறது' என்று நான்கு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். இரவில் தூங்கப்போகும் முன் புதிதாக மாற்றி, சணப்பு இன்சர்ட் ஒன்று கூடுதலாக வைத்தால் காலை வரை பெரும்பாலும் தாங்கும்.

நாளில் கொஞ்ச நேரமாவது ஒன்றும் போடாமல் விடுங்கள். "சித்த நேரம் காத்தாட விடுடி" என்று அம்மா சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், தோலுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. தூங்கி எழுந்ததும் இரண்டு பாதத்தின் மேல் உட்காரவைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று உச்சா போகவைக்கும் நம் வீட்டுப் பழக்கத்தையும் விடாதீர்கள். துவைக்கிற டயப்பரில் ஒன்று குறையும்.

படி 5: துவைப்பது

அழுக்கு டயப்பரை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு வைக்காதீர்கள். எலாஸ்டிக்கும் பி.யூ.எல்.லும் சீக்கிரம் கெடும், நாற்றமும் சேரும். அதைவிடப் பெரிய காரணம், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீர் நிறைந்த வாளி உயிருக்கே ஆபத்து. இன்சர்ட்டை உருவி, குழாயில் ஓர் அலசு அலசி, பிழிந்து, ஓட்டை உள்ள கூடையில் போடுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் கரைந்துவிடும். சாப்பாடு ஆரம்பித்த பிறகு, மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, ஹெல்த் ஃபாசெட்டால் பீய்ச்சுங்கள்.

மெஷினில் இரண்டு சுற்று. முதலில் கொஞ்சம் சோப்புத்தூளோடு குறுகிய சுற்று. அந்தத் தண்ணீர் போன பிறகு, முழு அளவு சோப்புத்தூளோடு நீண்ட சுற்று. தண்ணீரைச் சூடாக்கும் மெஷினாக இருந்தால் 40 டிகிரி வையுங்கள், 60-ஐத் தாண்ட வேண்டாம். டிரம் முக்கால்வாசி நிறைய வேண்டும், துணியும் துணியும் உரசினால்தான் அழுக்கு விடும். டயப்பர் குறைவாக இருந்தால் குழந்தையின் சின்னத் துணிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கையால் துவைத்தாலும் இதே முறைதான். துவைக்கிற கல்லில் அடிப்பதும் முரட்டு பிரஷ் போடுவதும் வேண்டாம்.

சோப்பு எவ்வளவு என்பது உங்கள் தண்ணீரைப் பொறுத்தது. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் கொஞ்சம் போட்டாலே நுரை பொங்கும். சென்னைப் புறநகரின் போர் தண்ணீரில் அதே அளவு போட்டால் சோப்பின் வேலையில் பாதியை உப்பே தின்றுவிடும். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர் என்றால் சோப்புத்தூளைக் கூட்டத்தான் வேண்டும். 'குழந்தைத் துணியாச்சே' என்று குறைத்துப் போடும்போதுதான் சிறுநீர் தங்கி, அம்மோனியா நெடி கிளம்புகிறது. துவைத்துக் காய்ந்த இன்சர்ட்டை முகர்ந்து பாருங்கள். எந்த வாசமும் இருக்கக் கூடாது, சோப்பு வாசம்கூட.

துணி கண்டிஷனர் அறவே கூடாது. இழை மேல் படலம் போட்டு உறிஞ்சும் தன்மையையே கெடுத்துவிடும். கட்டி சோப்பை இன்சர்ட்டில் தேய்ப்பதும் அப்படியே. ஆன்டிசெப்டிக் திரவமும் தேவையில்லை, சில குழந்தைகளின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது.

காயப்போடுவதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வு, துணி டயப்பரால் சூழலுக்கு நன்மையா இல்லையா என்பதே துவைத்துக் காயவைக்கும் விதத்தில்தான் இருக்கிறது என்றது. மெஷின் நிறையப் போட்டு, கொடியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் பாதிப்பு நன்றாகக் குறையும். நம் மொட்டை மாடி வெயிலுக்குக் காசு கிடையாது. இன்சர்ட்டை நல்ல வெயிலில் போடுங்கள், மஞ்சள் கறை தானாக வெளுத்துவிடும். உறையை நிழலில், கொடியின் குறுக்கே மடித்துப் போடுங்கள். ஈர எடையில் எலாஸ்டிக் தொங்கினால் இழுபட்டுத் தளர்ந்துவிடும். இஸ்திரிப்பெட்டி பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்சர்ட் மட்டும்தான் தகராறு செய்யும். அந்த இரண்டு மாதத்துக்கு, விரித்துக் காயவைக்கும் ஒற்றை அடுக்குப் பருத்தித் துணியை மடித்து இன்சர்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடும்.

ஒழுகினால், தோல் சிவந்தால்

ஒழுகினால் முதலில் எலாஸ்டிக்கைப் பாருங்கள். பிறகு அந்த ஸ்பூன் தண்ணீர்ச் சோதனை. இதுவரை உறிஞ்சிக்கொண்டிருந்த இன்சர்ட்டில் தண்ணீர் உருண்டால் சோப்போ கிரீமோ படிந்திருக்கிறது என்று அர்த்தம். சோப்பு என்றால் நுரை நிற்கும் வரை வெறும் தண்ணீரில் அலசுங்கள். துத்தநாகம் கலந்த கிரீமும் பெட்ரோலியம் ஜெல்லியும் துணியில் படிந்தால் லேசில் போகாது. அவற்றைப் போடும் நாட்களில் ஒரு மெல்லிய பருத்தித் துண்டை நடுவே வையுங்கள்.

லேசாகச் சிவந்திருந்தால் அடிக்கடி மாற்றி, காற்றாட விட்டாலே ஓரிரு நாளில் சரியாகும். தொடை மடிப்புக்குள் அடர்சிவப்பாகப் பரவி, ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், கைவைத்தியம் வேண்டாம்.

குழந்தை வளர்ந்து டயப்பர் தேவையில்லாமல் போனதும், நன்றாகத் துவைத்து, ஈரப்பதம் துளியும் இல்லாமல் காயவைத்து, பட்டன்களைத் திறந்துவிட்டுப் பருத்திப் பையில் எடுத்துவையுங்கள். பூச்சி வராமலிருக்க அந்துருண்டை மட்டும் போடாதீர்கள். அதில் உள்ள நாஃப்தலின், ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ள பச்சிளம் குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். காய்ந்த வேப்பிலையை ஒரு துணியில் முடிந்து போட்டால் போதும். தங்கை குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன் உறையை வெளிச்சத்தில் பிடித்து, உள்படலம் எங்காவது கொப்புளித்தோ உரிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். எலாஸ்டிக்கை இழுத்துவிட்டால் பழையபடி சுருங்க வேண்டும். எலாஸ்டிக் மட்டும் தளர்ந்திருந்தால் பக்கத்துத் தையல்காரரிடம் மாற்றித் தரச் சொல்லலாம், படலம் உரிந்திருந்தால் இன்சர்ட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.