மில்லிகிராமைப் பார்த்து மருந்தை மாற்றலாமா?

தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நிற்பவள் நான். மே மாதம் வந்தால், உடம்பு அனலாகக் கொதிப்பது வெயிலாலா, மாதவிலக்கு நின்றதாலா என்று பெண்களுக்கே குழப்பம். மார்கழி விடியற்காலையிலும் குப்பென்று வியர்த்துப் புடவை நனைந்தால், பாவம், வெயில் என்ன செய்யும்?

போன வாரம் ஓர் அக்கா இரண்டு மாத்திரை அட்டைகளை நீட்டினார். இரண்டும் மாதவிலக்கு நின்றபின் குறையும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஈடுகட்டி, இந்தக் கொதிப்பைத் தணிக்கத் தருபவை. அவருடையது எஸ்ட்ரடையால் 1 மில்லிகிராம். நாத்தனாருடையது கான்ஜுகேட்டட் ஈஸ்ட்ரோஜன் 0.625. "இதில் அளவு குறைவாக இருக்கிறதே, இதையே கொடம்மா" என்றார்.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படும் அந்த 0.625, எஸ்ட்ரடையால் 1 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய ஈடு. தோலில் ஒட்டும் பட்டையில் எண் இன்னும் சிறியது: நாளுக்கு 50 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு. அதுவும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. விழுங்கிய மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போகிறது. பெரும்பகுதி அங்கேயே சிதைகிறது. போகிற போக்கில், இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களையும் கூடுதலாகச் சுரக்கவைக்கிறது. பட்டையும் ஜெல்லும் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேரே இரத்தத்தில் கலக்கின்றன. அதனால் உடல் எடை கூடியவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்காவது காலில் இரத்தம் கட்டியிருந்தவர்களுக்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் தோல்வழியையே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பட்டை உரிந்துவிடும் என்பவர்கள் ஜெல் கேட்கலாம். பூசிய இடம் காய்ந்தபின்னும் ஒரு மணி நேரமாவது அது பேரப்பிள்ளையின் மேல் படக் கூடாது, அவ்வளவுதான்.

பிறப்புறுப்பில் தடவும் கிரீம் வேறு கதை. வறட்சிக்கும் எரிச்சலுக்கும் நல்லது. உடம்புக் கொதிப்பை அது தணிக்காது.

இந்த ஹார்மோன் மாத்திரைகளால் மார்பகப் புற்றுநோயும் மாரடைப்பும் கூடுவதாக 2002இல் வந்த அமெரிக்க ஆய்வின் பெயரைச் சொல்லி, ஹார்மோன் என்றாலே அலறுகிறவர்களும் உண்டு. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. ஐம்பதில் தூக்கமின்றித் தவிப்பவரின் கணக்கு வேறு.

அக்காவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "நாத்தனாருக்குக் கருப்பை இருக்கிறதா?" எடுத்து எட்டு வருடமாம். இவருக்கு இருக்கிறது. கருப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் சாப்பிட்டால் அதன் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். புற்றுநோய் வரைகூடப் போகலாம். அதைத் தடுக்கத்தான் கூடவே புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனையும் எழுதித் தருகிறார்கள். செலவு மிச்சம் என்று அக்கா அதை இரண்டு மாதமாக வாங்கவே இல்லை.

"நடுவில் இரத்தம் பட்டதா?"

"லேசாக, இரண்டு நாள்."

மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி பட்டாலும் உடனே பரிசோதிக்க வேண்டும். இரண்டு அட்டைகளையும் அவர் பையிலேயே போட்டு, மறுநாள் காலையிலேயே ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன்.