ஆற்றங்கரைக் கூடாரத்தில் இரண்டு இரவு தங்க: பதிவு முதல் புறப்பாடு வரை

கிளாம்பிங், அதாவது கட்டில் மெத்தை வசதியோடு கூடாரத்தில் தங்குவது. அதன் விளம்பரப் படங்களில் கட்டில், கம்பளம், தொங்கும் விளக்கு எல்லாம் தெரியும். ஈரம் மட்டும் தெரியாது. ஆற்றோரக் கூடாரத்தில் படும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த ஈரத்தில் தொடங்குபவை. மற்றவை, சோலார் பேட்டரியையும், மலத்தை மட்கவைத்து உரமாக்கும் உரக் கழிப்பறையையும் ஓட்டல் அறை வசதிபோல நினைத்துப் பயன்படுத்துவதால் வருபவை.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, வெள்ளம் வந்தால் தண்ணீர் ஏறும் கோட்டுக்கு எவ்வளவு மேலே கூடாரம் இருக்கிறது என்பது. ஆற்றின் மேல்பகுதியில் அணை உண்டா, தண்ணீர் திறந்தால் எப்படித் தெரிவிப்பார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். அடுத்து, கழிப்பறைக் கழிவும் குளித்த தண்ணீரும் எங்கே போகின்றன? ஆற்றிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி மண்ணில் வடியவிடுகிறோம், அல்லது செடிப்படுகையில் வடிகட்டுகிறோம் என்று பதில் வந்தால் நல்லது. மூங்கில் பல்துலக்கியும் சணல் பையும் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். இடம் உண்மையிலேயே சுற்றுச்சூழலைக் காக்கிறதா என்று இந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும்.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கூடாரம்வரை எவ்வளவு நடை என்பதையும் கேட்டுவிடுங்கள். மண் பாதையில் 200 மீட்டர் என்றாலே சக்கரப் பெட்டி பயன்படாது. முதுகுப்பைதான் சரி.

ஈரமும் குளிரும்

இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கி ஆற்றுப் பள்ளத்தில் தேங்கும். அதனால் பக்கத்து ஊருக்கான வானிலை அறிவிப்பைவிட ஆற்றோரம் விடியற்காலையில் குளிர் கூடுதலாகவே இருக்கும். பகல் வெயிலைப் பார்த்து ஏமாறாமல், தேவை என்று தோன்றுவதற்கு மேல் ஒரு கம்பளியாடை எடுத்துக்கொள்ளுங்கள். தூங்குவதற்கென்றே ஒரு செட் உடையும் காலுறையும் காற்றுப்புகாத பையில் தனியாக இருக்கட்டும். பகலில் அதைத் தொடக் கூடாது.

கட்டிலில் படுத்தும் குளிர்கிறது என்றால் மேலே போர்வையைக் கூட்டுவதால் அதிகம் பயனில்லை. மடக்குக் கட்டிலுக்கு அடியில் காற்று ஓடும். உடல் எடையில் மெத்தை நசுங்குவதால் கீழ்ப்பக்கம்தான் வெப்பத்தை இழக்கும். ஒரு போர்வையை எடுத்து மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே போடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

காலையில் போர்வை நனைந்திருந்தால் கூடாரம் ஒழுகுகிறது என்று புகார் போகும்; மழையே பெய்திருக்காது. மூச்சில் வெளியேறும் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீர்த்துளியாகிறது. குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்பையும் மூடினால் அது பல மடங்காகும். காற்று வரும் பக்கத்தில் கீழே ஒரு திறப்பும் எதிர்ப்பக்கத்தில் மேலே ஒரு திறப்பும், கையகலமாவது, இரவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். நனைந்த துண்டையும் நீச்சலுடையையும் உள்ளே காயப் போடாதீர்கள். வெளிக் கொடியில் போட்டதைச் சூரியன் மறையும் முன்பே எடுத்துவிடுங்கள். பனி இறங்கிய பிறகு துணி காயாது, மேலும் நனையும்.

மணி வடிவப் பருத்திக் கூடாரத்துக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. 5 மீட்டர் விட்டமுள்ள கூடாரம் நடுவில் சுமார் 3 மீட்டர் உயரம் இருந்தாலும் ஓரச் சுவர் முழங்காலுக்குச் சற்று மேலேதான் நிற்கும். கட்டிலின் தலைமாடோ பையோ சுவரில் பட்டபடி இருந்தால் மழையில் சரியாக அந்த இடத்தில் தண்ணீர் உள்ளே ஊறும். நனைந்த பருத்தி நூல் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்வதால்தான் மழை வெளியே நிற்கிறது. உள்ளிருந்து தொட்டால் தொட்ட இடம் கசியத் தொடங்கும். எல்லாவற்றையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

மின்சாரக் கணக்கு

ஒரு கூடாரத்துக்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அதில் 1,200 வாட்-மணி இருக்கும். பேட்டரி கெடாமலிருக்கப் பாதியளவே எடுக்கலாம், அதாவது 600. நாலு 5 வாட் எல்இடி விளக்குகள் 5 மணி நேரம் எரிய 100 வாட்-மணி போதும். செல்போன் ஒருமுறை சார்ஜ் ஏற 20 போதும். 1,500 வாட் தலைமுடி உலர்த்தி 20 நிமிடத்தில் 500-ஐத் தின்றுவிடும். பல இடங்களில் அதற்கு முன்பே இன்வெர்ட்டர் துண்டித்துக்கொள்ளும். மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாமே இதே கணக்கில்தான் வரும். மேகமூட்டமான நாளில் பேட்டரி முழுதாக ஏறாது என்பதால் போனைப் பகலில், வெயில் இருக்கும்போதே சார்ஜ் போட்டுவிடுங்கள். 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்று இருந்தால் இரண்டு இரவுக்குக் கவலையில்லை. தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கொன்று வேண்டும்.

உரக் கழிப்பறை

மலமும் சிறுநீரும் கலந்தால்தான் அம்மோனியா நாற்றம் எழும். அதனால் பல உரக் கழிப்பறைகளில் இரண்டு பாதைகள் இருக்கும்: முன்னால் சிறுநீருக்கு, பின்னால் மலத்துக்கு. ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். பின்பகுதியைப் பயன்படுத்திய பிறகு பக்கத்தில் வைத்திருக்கும் மரத்தூளை ஒன்றிரண்டு கோப்பை போட்டு, மேற்பரப்பு முழுக்க மறையும்படி மூடி, மூடியை அழுத்திச் சாத்துங்கள். மரத்தூள் ஈரத்தை உறிஞ்சும், ஈக்களைத் தடுக்கும், நுண்ணுயிர்களுக்கு வேண்டிய கரிமத்தையும் தரும்.

தண்ணீரால் கழுவிப் பழகியவர்கள் வந்த உடனே கேட்க வேண்டியது ஒன்றுண்டு: கழுவ எங்கே இடம்? மலப் பெட்டிக்குள் தண்ணீர் போனால் காற்றில்லாமல் அழுகி, மறுநாள் யாராலும் உள்ளே போக முடியாது. நல்ல இடங்களில் பக்கத்திலேயே தனி வடிகாலுள்ள கழுவும் மேடை இருக்கும். இல்லையென்றால் முதலில் தாளால் துடைத்துவிட்டு, பிறகு குளியலறையில் கழுவிக்கொள்வதுதான் வழி.

ஃபினாயில், பிளீச்சிங் பவுடர் எதையும் உள்ளே ஊற்றாதீர்கள். மலத்தை உரமாக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். ஈரத்துடைப்பான், நாப்கின், டயப்பர் எதுவும் மட்காது, குப்பைக்கூடைக்குத்தான். நாற்றம் வந்தால் மூடி சரியாக மூடியிருக்கிறதா, மரத்தூள் போதுமா, காற்றுக்குழாயின் விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் நாறினால் சிறுநீர் பின்னால் போயிருக்கிறது. கூச்சப்படாமல் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

குளியல், குடிநீர்

‘மக்கும் சோப்பு’ என்று எழுதியிருந்தாலும் அதை ஆற்றில் போட்டுக் குளிக்கக் கூடாது. அது மக்குவது மண்ணில், அங்குள்ள நுண்ணுயிர்களால். ஆற்று நீரில் நுரை மீன்களையும் பூச்சிகளையும் பாதிக்கும். கொசு விரட்டியும் சன்ஸ்கிரீனும் பூசியிருந்தால் அவற்றையும் குளியலறையில் கழுவிவிட்டு ஆற்றில் இறங்குங்கள்.

தெளிந்த நீர் சுத்தமான நீர் அல்ல. ஜியார்டியா போன்ற கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. ஆற்று நீரைக் குடிப்பதென்றால் கொதித்துப் பொங்கத் தொடங்கி ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் மூன்று நிமிடம் கொதிக்க வையுங்கள். கையடக்க வடிகட்டிகள் பாக்டீரியாவைப் பிடிக்கும், பெரும்பாலானவை வைரஸைப் பிடிக்காது.

ஆற்றில் இறங்கும்போது

போன உடனே கரையோர மரங்களைப் பாருங்கள். கிளைகளில் காய்ந்த புல்லும் நெகிழித் துண்டும் சிக்கியிருக்கும் உயரம்வரை ஆறு ஏற்கெனவே வந்திருக்கிறது. இரவில் எந்தப் பக்கம் மேடேற வேண்டும் என்பதை வெளிச்சத்திலேயே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். கரையோடு ஓடக் கூடாது, ஆற்றுக்குச் செங்குத்தாக மேட்டில் ஏற வேண்டும்.

இங்கே வானம் தெளிந்திருந்தாலும் மேலே மழை பெய்திருக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, சத்தம் மாறுவது, நின்றிருந்த கல் மூழ்குவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மேலே வாருங்கள், செருப்பை எடுக்கக்கூட நிற்காதீர்கள்.

வேகமான ஓட்டம் முழங்கால் அளவு ஆழத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். விழுந்தால் எழுந்து நிற்க முயல்வதுதான் ஆபத்து. பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் ஓட்டம் உடலை அமுக்கும். மல்லாந்து, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரிய, கால்களைப் போகும் திசையில் நீட்டி மிதந்து, ஓட்டம் தணியும் இடத்தில் கரைக்கு நீந்துங்கள். விழுந்து கிடக்கும் மரத்தின் பக்கம் போகவே கூடாது: கிளைகளுக்கிடையே தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. குழந்தைகள் கை எட்டும் தூரத்தில், உயிர்காப்பு உடையோடு இருக்க வேண்டும். குடித்திருப்பவர் ஆற்றில் இறங்கவே கூடாது.

பூச்சி, பாம்பு, நெருப்பு

கொசு தேங்கிய நீரில்தான் முட்டையிடும் என்பதால் ஓடும் ஆற்றைவிடக் கரையோரக் குட்டைகளும் கவிழ்க்காத வாளிகளும்தான் தொல்லை. டீட் (DEET) என்ற வேதிப்பொருள் 20 முதல் 30 சதவீதம் உள்ள விரட்டி நன்றாக வேலை செய்யும். கண்ணாடிச் சட்டம், கடிகாரப் பட்டை போன்ற பிளாஸ்டிக்கில் பட்டால் அரிக்கும். சன்ஸ்கிரீன் முதலில், விரட்டி அதன் மேல். கூடார ஜிப்பை விளக்கை அணைத்துவிட்டுத் திறங்கள்.

தின்பண்டத்தைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். சிந்திய உணவுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். காலணியைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

கரி அடுப்பைக் குளிருக்காகக் கூடாரத்துக்குள் கொண்டுவரவே கூடாது. தணல் அணைந்ததுபோல் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் எல்லோரும் உடனே வெளியே வந்து மருத்துவ உதவியை அழையுங்கள்.

இரவில் பேச்சைத் தணித்துக்கொள்ளுங்கள். நீர்ப்பரப்பின் மேல் தங்கும் குளிர்க் காற்று ஒலியை மேலே போகவிடாமல் கீழ்நோக்கி வளைக்கும். இங்கே பேசுவது எதிர்க்கரையில் தெளிவாகக் கேட்கும்.

கிளம்பும்போது ஆற்றில் நனைந்த செருப்பையும் உடையையும் சேறு போகக் கழுவி, முழுதாகக் காயவைத்த பிறகே வேறொரு ஆற்றில் இறக்குங்கள். சேற்றில் ஒட்டியிருக்கும் களைத்துண்டும் நோய்க்கிருமியும் அப்படித்தான் ஆறு விட்டு ஆறு போகின்றன.