லைட்வெயிட் பையன்கள் ரிங்குக்கு வெளியே வாங்கும் அடிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் குத்துச்சண்டை ஜிம்முக்குப் புதிதாக வரும் பையனிடம் நான் முதலில் கேட்பது, "காலையில எழுந்ததும் எத்தனை கிலோ இருந்தே?" என்பதுதான். பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் இருக்க விரும்பும் எடையைச் சொல்வார்கள். ரிங்கின் கார்னரில், நம் வீரனைக் கவனிக்க வாளியும் துண்டுமாக நின்று பதினைந்து வருஷம் ஆகிறது. எங்கள் பையன்கள் தோற்ற சண்டைகளை எண்ணினால், பாதிக்கு மேல் முந்தின நாள் எடை பார்க்கும் தராசிலேயே தோற்றவை.

லைட்வெயிட் என்ற எடைப் பிரிவின் எல்லை 135 பவுண்டு, அதாவது 61.23 கிலோ. அதற்குக் கீழ்ப் பிரிவு 130, மேல் பிரிவு 140. இடைவெளி வெறும் ஐந்து பவுண்டு. அதனால்தான் ஆசை வருகிறது. எழுபது கிலோ இருப்பவன், "கொஞ்சம் இறக்கிக்கிட்டா சின்ன ஆளோட மோதலாம் அங்கிள்" என்று கணக்குப் போடுகிறான். எதிராளியும் அதே கணக்கைப் போட்டுவிட்டுத்தான் வருகிறான். கடைசியில் காய்ந்துபோன இரண்டு பேர் மோதிக்கொள்கிறார்கள், எவனுக்கும் லாபமில்லை.

கடைசி மூன்று நாளில் எடையை இறக்குவதுதான் நான் பார்த்த தவறுகளில் பெரியது. பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு, டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் ரோட்டில் ஓடுவார்கள். அப்போது இறங்குவது கொழுப்பு இல்லை, தண்ணீர். ரத்தத்தின் அளவு குறைகிறது, இதயம் கூடுதலாகத் துடிக்கிறது, உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது. தசையில் சேர்த்து வைத்த மாவுச்சத்தும் அதோடு போய்விடும், ஐந்தாவது ரவுண்டில் கால் கனக்கும்போதுதான் அது தெரியும். தண்ணீர் குடித்ததும் தராசு முள் ஏறிவிடும், உடம்பு அத்தனை சீக்கிரம் தேறாது.

உலகச் சாம்பியன்களுக்கும் இதே கதைதான். 2005 மே மாதம் டியாகோ கொராலஸும் ஹோசே லூயிஸ் காஸ்டியோவும் மோதிய லைட்வெயிட் சண்டையை இன்றும் பேசுகிறார்கள். அக்டோபரில் நடந்த மறுசண்டைக்கு காஸ்டியோ மூன்று பவுண்டுக்கு மேல் கூடுதலாக வந்து நின்றார். அடுத்த வருஷம் மூன்றாவது சண்டைக்கும் எடை மீறினார், சண்டையே ரத்து. பெல்ட், பணம், பேர் மூன்றும் தராசில் போயின.

உலக அமைப்புகளின் விதியை வீட்டிலேயே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அவற்றில் ஒன்றான டபிள்யூ.பி.சி.-யின் பட்டச் சண்டை என்றால், 30 நாளுக்கு முன் எல்லையைவிட 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 7 நாளுக்கு முன் 5 சதவீதம். லைட்வெயிட்டுக்குக் கணக்குப் போட்டால் ஒரு மாதம் முன்பு சுமார் 67.4 கிலோ, ஒரு வாரம் முன்பு 64.3. இதற்கு மேல் இருந்தால் அந்தச் சண்டையை ஒத்துக்கொள்ளாதே, இல்லை 140-க்குப் போ என்பேன். 140 என்றதும் பையன்கள் முகம் சுருங்கும், ஏதோ அவமானம் மாதிரி.

புரட்டாசி பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் அந்த மாதம் முழுக்கச் சைவம். "விரதம்தானே, எடை தானா இறங்கும்" என்று நினைக்கிறார்கள். நடப்பது என்னவென்றால், ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் இரட்டிப்பாகும், புரதம் பாதியாகும், எடை ஏறி பலம் இறங்கும். விரதத்தை விடச் சொல்ல நான் யார்? பருப்பு, சுகர் பீன்ஸ், சோயா, தயிர் இவற்றைத் தட்டில் முதலில் போடச் சொல்கிறேன், சோறு அப்புறம். காவடி எடுப்பவன் காவடி வாரத்தில் சண்டை வைத்துக்கொள்ள வேண்டாம். முருகனுக்கும், சண்டைக்கு ஜோடி சேர்க்கும் மேட்ச்மேக்கருக்கும் ஒரே நேரத்தில் வாக்குக் கொடுக்க முடியாது.

எடை பார்த்து முடிந்ததும் அடுத்த தவறு ஆரம்பிக்கும்: நேரே மட்டன் பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு. காய்ந்த வயிறு அதைத் தாங்காது. வெறும் தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொள்வதும் தப்பு, உப்பில்லாத தண்ணீர் உடம்பில் தங்காது. ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு; பேதிக்கு ஆயா கலக்கித் தந்த அதேதான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, கஞ்சி, சோறு, பருப்பு என்று போகலாம். டிரிப் ஏற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆஸ்பத்திரிச் சிகிச்சை போன்ற காரணம் இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றுவது ஊக்கமருந்து விதிப்படி தடை. நீர் பிரியும் மாத்திரையும் தடைதான். "எனக்குத் தெரியாது, நண்பன் கொடுத்தான்" என்பதை யாரும் கேட்க மாட்டார்கள், உடம்பில் இருந்தால் பொறுப்பு உன்னுடையது.

தலைவலியை மறைப்பது அடுத்தது. ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், அடி வாங்கிவிட்டு, சண்டை கைநழுவிப் போகுமே என்று வீட்டில்கூடச் சொல்வதில்லை. 2022 ஜூன் 5-ஆம் தேதி இதே டர்பனில் சிமிசோ புத்தெலேசி என்ற லைட்வெயிட் வீரர் பத்தாவது ரவுண்டில் எதிராளியை விட்டுவிட்டு, யாருமில்லாத மூலையை நோக்கிக் குத்திக்கொண்டிருந்தார். ரெஃப்ரி உடனே நிறுத்தினார். மூளையில் ரத்தக்கசிவு. இரண்டு நாளில் இறந்தார், வயது 24. அந்த வீடியோவை உலகமே பார்த்தது. எங்கள் ஜிம்மில் ஒரு வாரம் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12-க்கு இறங்கியதும் ஒரு லைட்வெயிட் மரணத்துக்குப் பிறகுதான். 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் 14-ஆவது ரவுண்டு வரை மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் சில நாளில் இறந்தார். விதி மாறிவிட்டது. ஆனால் ஜிம்முக்குள் எத்தனை ரவுண்டு அடி வாங்குகிறான் என்று எண்ண எந்த அமைப்பும் வராது, அதை நாம்தான் எண்ண வேண்டும். சண்டைக்கு முந்தின பத்து நாளில் முழு வேக ஸ்பாரிங் எங்களிடம் கிடையாது.

எதிராளியைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு பக்கமும் தவறு உண்டு. சொத்தை ஆட்களாகப் பார்த்து 12 வெற்றி, 15 வெற்றி, தோல்வியே இல்லை என்று கணக்கை அழகாக்கினால், முதல் நல்ல ஆளிடம் எல்லாம் உடையும். இன்னொரு பக்கம், வெளியூர்ச் சண்டை என்றாலே பயம். நம் நாட்டு பிரையன் மிட்செல் 1986-இல் இன்னொரு உலக அமைப்பான டபிள்யூ.பி.ஏ.-வின் 130 பவுண்டு பட்டத்தை வென்றார். இனஒதுக்கல் காலத்துப் புறக்கணிப்பால் ஒருமுறைகூட அதைச் சொந்த நாட்டில் தற்காக்க முடியவில்லை, பன்னிரண்டு முறையும் அடுத்தவன் மண்ணில்தான். வெளியூர் போவது தப்பில்லை, சண்டைக்கு ஏழே நாள் இருக்கையில் போன் வந்ததும் கிளம்புவதுதான் தப்பு.

சொவேட்டோவின் டிங்கான் தொபேலாவை உதாரணம் காட்டி, "லைட்வெயிட்டில் ஜெயிச்சவர் சூப்பர் மிடில்வெயிட்டிலும் ஜெயிச்சாரே" என்பார்கள். 1993-இல் சாக்ரமெண்டோவில் டோனி லோபஸிடம் புள்ளிக் கணக்கில் தோற்று, அதே வருஷம் சன் சிட்டியில் அவரை வென்று டபிள்யூ.பி.ஏ. லைட்வெயிட் பட்டம் வாங்கியவர். 2000-இல் 168 பவுண்டில் உலகப் பட்டம். நடுவில் ஏழு வருஷம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். மூன்றே மாதத்தில் அந்தப் பட்டம் போனதையும்தான்.

பணம். இங்கே சண்டைகளைக் கண்காணிக்கும் பாக்சிங் சவுத் ஆப்பிரிக்கா அமைப்பின் உரிமம் யாரிடம் இருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மேனேஜரின் பங்கு மொத்தத் தொகையிலா, செலவு போகவா? மேனேஜரும், சண்டையை நடத்தும் புரமோட்டரும் ஒரே ஆள் என்றால் உனக்காகப் பேரம் பேசுவது யார்? பேர் வேண்டாம், ஒருவர் எங்கள் பையனுக்குச் சொன்ன தொகை பெரியது. மருத்துவப் பரிசோதனை, பயணம், கிளவுஸ் எல்லாம் கழித்துக் கையில் வந்தது பெட்ரோலுக்குத்தான் ஆயிற்று. தாளில் எழுதாமல் விட்டது என் தப்பு. அந்தப் பையன் எலெக்ட்ரீஷியன் வேலையை விடாமல் இருந்தது அவன் அம்மாவின் பிடிவாதம்.

ஜெயித்த ராத்திரி நடக்கும் தவறு ஒன்று பாக்கி. பார்ட்டி, பீர், பிறகு தனி அறையில் தூக்கம். வேண்டாம். அன்றைக்கு யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பி எழவில்லை என்றாலோ, பனடோ (தலைவலி மாத்திரை) கொடுத்துப் படுக்க வைக்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு. எங்கள் பையன்கள் வீட்டு வாசலில் என் கார் விடியும்வரை நிற்பது அதற்காகத்தான்.