ஆர்டர் வேறு, டிக்கெட் வேறு, ஆள் வேறு: நிகழ்ச்சி மேலாண்மைத் தளத்தைக் குழப்பமில்லாமல் கையாள

ஒருவர் உங்கள் நிகழ்ச்சிப் பக்கத்துக்கு வந்து, தனக்கும் நண்பர்கள் இருவருக்குமாக மூன்று டிக்கெட் எடுக்கிறார். டிக்கெட் விற்கும் தளத்தில் உங்களுக்கான கட்டுப்பாட்டுப் பக்கமான டாஷ்போர்டில் இப்போது ஏறியிருப்பது ஒரு ஆர்டர், மூன்று டிக்கெட், மூன்று பங்கேற்பாளர். தளத்தில் நேரும் குளறுபடிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

ஆர்டர் என்பது ஒரு கொள்முதல். அதற்கு ஒரு எண், வாங்குபவர் ஒருவர், ஒரு மின்னஞ்சல் முகவரி. டிக்கெட் என்பது உள்ளே வரும் உரிமை. ஒவ்வொன்றுக்கும் தனி கியூஆர் கோடு உண்டு. பங்கேற்பாளர் என்பவர் அந்த உரிமையோடு வாசலுக்கு வரும் ஆள். ரீஃபண்ட் கொடுக்க வேண்டுமானால் ஆர்டரைத் திறக்க வேண்டும். வாசலில் சரிபார்த்து உள்ளே விடும் செக்-இன், டிக்கெட்டின் மேல் நடக்கும். கழுத்தில் மாட்டும் பெயர் அட்டையைப் பங்கேற்பாளர் பட்டியலிலிருந்து அச்சடிக்க வேண்டும். ஆர்டர் எண்ணிக்கையைப் பார்த்து "120 பேர் வருகிறார்கள்" என்று சாப்பாட்டுக்கும் நாற்காலிக்கும் சொல்லிவிட்டால், வந்து நிற்பது 190 பேராக இருக்கலாம்.

பதிவுப் படிவம்

படிவத்தில் ஒவ்வொரு கேள்வியைச் சேர்க்கும்போதும் தளம் ஒரு விஷயம் கேட்கும்: இதை வாங்குபவரிடம் ஒருமுறை கேட்கவா, ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் தனித்தனியாகக் கேட்கவா? பலர் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். "வாங்குபவர் மட்டும்" என்று விட்டால் மூன்று டிக்கெட்டிலும் ஒரே பெயர் விழும். மூன்று பெயர் அட்டையும் ஒரே ஆளுக்கு அச்சாகும். எல்லாக் கேள்விகளையும் "ஒவ்வொருவருக்கும்" என்று வைத்தால் வேறு சிக்கல். எட்டு கேள்வி, மூன்று டிக்கெட் என்றால் 24 பெட்டிகள். செல்போனில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருப்பவர் பத்தாவது பெட்டியிலேயே பக்கத்தை மூடிவிடுவார்.

பெயர், மின்னஞ்சல், உணவுத் தேவை, சக்கர நாற்காலி வசதி போன்றவற்றை ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பில் முகவரி, நிகழ்ச்சி பற்றி எப்படித் தெரிந்தது என்பதெல்லாம் ஒருமுறை போதும். பதிலைப் பார்த்து நீங்கள் எதையும் மாற்றப்போவதில்லை என்றால் அந்தக் கேள்வியே வேண்டாம்.

விற்பனை தொடங்கிய பிறகு ஒரு கட்டாயக் கேள்வியைச் சேர்த்தால், ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் பட்டியலில் அந்தக் கேள்விக்கான பத்தி காலியாகவே இருக்கும். அவர்களுக்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். நடுவழியில் தேர்வுப் பட்டியலின் சொற்களைத் திருத்துவதும் ஆபத்து. "சைவம்" என்று இருந்ததை "சைவ உணவு" என்று மாற்றினால், பல தளங்களின் அறிக்கையில் அவை இரண்டு தனித்தனி விடைகளாக வரும்.

கொள்ளளவும் இருப்பும்

இருப்பு என்பது ஒரு டிக்கெட் வகையில் எத்தனை விற்கலாம் என்பது. கொள்ளளவு என்பது நிகழ்ச்சி முழுவதற்குமான உச்சவரம்பு. இரண்டையும் தனித்தனியாகப் பூர்த்தி செய்ய வேண்டும்.

200 இருக்கை உள்ள அரங்கு என்று வைத்துக்கொள்வோம். பொது டிக்கெட் 150, மாணவர் 50, முன்பதிவுச் சலுகை 50 என்று மூன்று வகை போடுகிறீர்கள். கூட்டினால் 250. கொள்ளளவில் 200 என்று கொடுத்திருந்தால் மொத்தம் 200 ஆனதும் தளமே எல்லா வகையையும் நிறுத்திவிடும். அந்தப் பெட்டியைக் காலியாக விட்டிருந்தால் 250 வரை விற்றுக்கொண்டே போகும்.

பேச்சாளர்கள், தன்னார்வலர்கள், விருந்தினர்கள் ஆகியோருக்கும் இருக்கை வேண்டும். அவர்களுக்குக் கட்டணமில்லாத, பக்கத்தில் தெரியாத ஒரு வகையை உருவாக்கி முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள். குழு டிக்கெட்டில் இன்னும் கவனம் தேவை. "பத்துப் பேர் மேசை" என்ற வகையில் ஒன்று விற்றால், சில தளங்கள் இருப்பில் ஒன்றைத்தான் கழிக்கும். உட்காரப்போவதோ பத்துப் பேர். அந்த வகை கொள்ளளவில் எத்தனையாகக் கணக்காகிறது என்பதை ஒன்றை வாங்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

"விற்றுத் தீர்ந்தது" என்று காட்டிய பக்கத்தில் சில நிமிடங்களில் நான்கு டிக்கெட் திரும்ப முளைக்கும். இது பிழையல்ல. ஒருவர் டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் தளம் அவருக்காக அதைச் சில நிமிடங்கள் பிடித்துவைக்கும். அவர் கட்டாமல் போனால், நேரம் முடிந்ததும் அது இருப்புக்குத் திரும்பும். கெடுவை மிகவும் குறைத்தால், வங்கியின் ஓடிபிக்குக் காத்திருப்பவர் கையிலிருந்து டிக்கெட் நழுவிவிடும். கேள்விகள் நிறைந்த படிவமென்றால் 15 நிமிடமாவது கொடுங்கள்.

காத்திருப்போர் பட்டியலை, டிக்கெட் தீர்வதற்கு முன்பே இயக்கி வையுங்கள். இல்லாவிட்டால், ஒருவர் ரத்து செய்ததும் அந்த இடம் பொது விற்பனைக்கு வந்து, அப்போது பக்கத்தைத் திறந்தவருக்குப் போய்விடும். மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருப்பவருக்குக் கிடைக்காது.

விற்பனை நேரம்

மிக அதிகமாக நடக்கும் தவறு நள்ளிரவு 12:00. "15ஆம் தேதி வரை சலுகை விலை" என்று அறிவித்துவிட்டு, முடியும் நேரத்தில் 15ஆம் தேதி 12:00 ஏஎம் என்று வைத்தால், சலுகை 14ஆம் தேதி இரவோடு முடிந்துபோகும். 15ஆம் தேதி முழுக்கக் கேட்டு எழுதுபவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 11:59 பிஎம் என்று வைக்கும் பழக்கம் இருந்தால் இது நேராது.

முன்பதிவுச் சலுகை இரண்டு வழியில் முடியலாம்: தேதி வந்ததும், அல்லது எண்ணிக்கை தீர்ந்ததும். அடுத்த விலையைத் தேதியை மட்டும் வைத்துத் தொடங்கச் சொன்னால், சலுகை டிக்கெட் ஒரு வாரம் முன்பே தீர்ந்துவிட்டால் அந்த ஒரு வாரமும் பக்கத்தில் வாங்க எதுவுமே இருக்காது. "முந்தைய வகை தீர்ந்ததும் தொடங்கு" என்ற வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

இணையவழி நிகழ்ச்சியென்றால் நேர மண்டலத்தை ஊர்ப்பெயரால் தேர்ந்தெடுங்கள், வெறும் மணி வித்தியாசத்தால் வேண்டாம். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் நாடுகளில், ஊர்ப்பெயர் கொடுத்தால் அந்த மாற்றம் தானாகக் கணக்காகும். இணைப்பு லிங்கைப் பொது விளக்கத்தில் போடாமல், பதிவு செய்தவர்கள் மட்டும் பார்க்கும் பக்கத்தில் வையுங்கள்.

விலை, கழிவு, கோடுகள்

தளக் கட்டணத்தை நீங்களே ஏற்கலாம், வாங்குபவர் தலையில் சேர்க்கலாம். அது டிக்கெட்டுக்கு இவ்வளவா, ஆர்டருக்கு இவ்வளவா என்று பாருங்கள். விலை குறைந்த டிக்கெட்டில் டிக்கெட்டுக்கான நிலைக் கட்டணம் கடுமையாகக் கடிக்கும். விலையை ஏற்றிச் சரிக்கட்டுபவர்கள் கணக்கில் ஒரு இடத்தில் வழுக்குவார்கள். மொத்தத் தொகையில் 5 சதவீதம் பிடிப்பார்கள், கையில் 100 நிற்க வேண்டும் என்றால், 105 வைத்தால் போதாது. 105இல் 5 சதவீதம் 5.25 போய் 99.75தான் மிஞ்சும். 100ஐ 0.95ஆல் வகுக்க வேண்டும்: 105.26.

புரோமோ கோடு விலையைக் குறைக்கும். அணுகல் கோடு மறைத்துவைத்த டிக்கெட் வகையைக் காட்டும். இரண்டையும் ஒன்றென நினைத்து, கூட்டாளிகளுக்கான டிக்கெட்டை ஊரறிய வைத்துவிட்டு அதற்குக் கழிவு மட்டும் கொடுப்பவர்கள் உண்டு. கோடுக்கு வரம்பு வைக்கும்போது அது ஆர்டருக்கா டிக்கெட்டுக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 50 முறை என்பது ஆர்டர் கணக்கென்றால், ஒரு ஆர்டரில் நான்கு டிக்கெட் வீதம் 200 டிக்கெட் சலுகையில் போகும். கோடில் பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும் கலக்காதீர்கள். அச்சில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

ரீஃபண்டும் பேஅவுட்டும்

ரத்து, ரீஃபண்ட், பெயர் மாற்றம் மூன்றும் தனித்தனிப் பொத்தான்கள். ரத்து செய்தால் டிக்கெட் செல்லாததாகும். பணம் தானாகத் திரும்பிவிடும் என்று எண்ண வேண்டாம். ரீஃபண்ட் செய்தால் பணம் போகும். ஆனால் சில தளங்களில் டிக்கெட் உயிரோடு இருக்கும், இருப்பிலும் திரும்பச் சேராது. "இருப்பில் சேர்க்கவா" என்ற கட்டத்தைப் பார்க்காமல் அழுத்தாதீர்கள். வர முடியாதவர் வேறொருவரை அனுப்ப விரும்பினால் பெயர் மாற்றமே நல்லது. பணமும் அசையாது, கட்டண இழப்பும் இல்லை.

வாங்கியவர் உங்களிடம் கேட்காமல் தன் வங்கியிடம் போய்ப் பணத்தைத் திரும்பக் கேட்பது சார்ஜ்பேக். வங்கி உங்களிடம் ஆதாரம் கேட்கும். செக்-இன் பதிவும், அவர் ஒப்புக்கொண்ட ரீஃபண்ட் விதியும் அங்கே உதவும். சார்ஜ்பேக் வந்த ஆர்டருக்கு நீங்களும் ரீஃபண்ட் அழுத்தினால் பணம் இரண்டு முறை போக வாய்ப்புண்டு.

பேஅவுட் என்பது வசூலைத் தளம் உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்புவது. நிகழ்ச்சி முடிந்த பிறகே தரும் தளங்கள் பல. அரங்க முன்பணத்தை டிக்கெட் வசூலிலிருந்து கட்டலாம் என்ற திட்டமிருந்தால், தளத்தைத் தேர்வு செய்வதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

வாசலில்

கியூஆர் கோடுக்குள் இருப்பது பொதுவாக ஒரு தனித்துவமான எண் அல்லது லிங்க். ஸ்கிரீன்ஷாட்டும் வேலை செய்யும். அதனாலேயே அதை ஐந்து பேருக்கு அனுப்பவும் முடியும். முதலில் வருபவருக்குப் பச்சை; அடுத்தவருக்கு "ஏற்கெனவே செக்-இன் ஆகிவிட்டது". இந்தக் காவல் நெட்வொர்க்கை நம்பியிருக்கிறது. இரண்டு வாசலில் இரண்டு செல்போனும் ஆஃப்லைனில் இருந்தால், ஒன்று அனுமதித்தது மற்றதற்குத் தெரியாது. ஒரே டிக்கெட் இரண்டிலும் பச்சை காட்டும். சிக்னல் இல்லாத அரங்கென்றால் டிக்கெட் வகைவாரியாக வாசலைப் பிரித்துவிடுங்கள்: ஒரு வகை ஒரே செல்போனுக்குத்தான் போக வேண்டும். தொடங்குவதற்கு முன் நெட் உள்ள இடத்தில் பட்டியலை ஒத்திசைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் ஆகவில்லையென்றால் முதலில் திரை வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லுங்கள். கியூஆர் கோடு படத்தைச் சுற்றி நான்கு சிறு கட்ட அகலத்துக்கு வெள்ளை விளிம்பு இருக்க வேண்டும் என்பது கியூஆர் வரையறை; டார்க் மோடிலோ நெருக்கி வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டிலோ அந்த விளிம்பு காணாமல் போனால் கேமரா தடுமாறும். அதுவும் உதவாவிட்டால் ஆர்டர் எண்ணாலோ மின்னஞ்சலாலோ தேடுங்கள். பெயரால் தேடுவது கடைசி வழி: தமிழில் பெயர் கொடுத்தவரை ஆங்கில எழுத்தில் தேடினால் கிடைக்கமாட்டார், இனிஷியல் முன்னால் இருக்குமா பின்னால் இருக்குமா என்பதும் தெரியாது.

ஒருவரை உள்ளே விட 6 வினாடி என்றால் ஒரு வரிசையில் நிமிடத்துக்குப் பத்துப் பேர். 300 பேரில் 200 பேர் கடைசி பத்து நிமிடத்தில் வந்தால் இரண்டு வரிசை வேண்டும். சிக்கலான டிக்கெட்டுகளுக்கு ஓரமாக மூன்றாவது மேசை. சிக்கலை வரிசைக்குள்ளேயே தீர்க்க முயன்றால் பின்னால் எல்லாரும் நிற்பார்கள். வாசலில் நிற்கும் தன்னார்வலருக்கு செக்-இன் அனுமதி மட்டும் கொடுங்கள். ஏற்பாட்டாளரின் பாஸ்வேர்டு கையில் இருந்தால் ரீஃபண்ட் பொத்தானும் கையில் இருக்கிறது.

வெளியிடுவதற்கு முன்

பழைய நிகழ்ச்சியை நகலெடுத்திருந்தால் விற்பனைத் தேதிகள், கோடுகள், உறுதி மின்னஞ்சலின் வாசகம் மூன்றையும் திறந்து பாருங்கள். பழையவை அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். பிறகு நீங்களே இரண்டு டிக்கெட் வாங்குங்கள். 100 சதவீதக் கழிவு கோடு போட்டு வாங்கினால் பணம் கட்டும் பேமென்ட் கேட்வே பக்கமே வராது, அது சோதனை ஆகாது. உண்மையான கார்டில், உண்மையான பணத்தில், செல்போனிலிருந்து வாங்குங்கள். மின்னஞ்சல் இன்பாக்ஸுக்கு வந்ததா, ஸ்பேமுக்குப் போனதா என்று பாருங்கள். சொந்த டொமைனிலிருந்து அனுப்புவதாக அமைத்திருந்தால் அந்த மின்னஞ்சல் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள், டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் இருக்க வேண்டும். ஒரு டிக்கெட்டை ஸ்கேன் செய்து, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். மற்றதை ரீஃபண்ட் செய்து இருப்பு திரும்பியதா என்று பாருங்கள்.

கடைசியாகப் பங்கேற்பாளர் பட்டியலை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக இறக்கிப் பாருங்கள். எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகச் சிதறலாம். கோப்பு கெட்டுப்போகவில்லை, தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியீட்டு முறையில் அது இருப்பதை எக்செல் அறியாமல் படித்திருக்கிறது. டேட்டா பகுதியில் "டெக்ஸ்ட்/சிஎஸ்வியிலிருந்து" என்பதன் வழியே இறக்குமதி செய்து, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். அங்கேயே தொலைபேசி எண் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் உதிர்ந்து, குறுஞ்செய்தி அனுப்பும் நாளில் பாதி எண்கள் போகாது.