வெளிநாட்டிலிருந்து மரச்சட்டக் கட்டடம் வாங்குகிறீர்களா?

தொழிற்சாலையிலேயே அறுத்து, எண் போட்டு, கன்டெய்னரில் வரும் மரச்சட்டக் கட்டடத்துக்கு விலைப்புள்ளி வாங்கினால், தொகையைவிட அதன் பக்கத்தில் இருக்கும் மூன்று எழுத்துகளை முதலில் பாருங்கள். இ.எக்ஸ்.டபிள்யூ என்றிருந்தால் தொழிற்சாலை வாசலோடு விற்பவரின் பொறுப்பு முடிந்தது. கப்பல், காப்பீடு, சுங்கம் எல்லாம் உங்கள் தலையில்தான். டி.டி.பி என்றால் இறக்குமதி வரியையும் அவரே கட்டி, உங்கள் இடம் வரை கொண்டுவர வேண்டும். ஆனால் அதிலும் லாரியிலிருந்து இறக்குவது உங்கள் வேலை. நீளமான உத்தரங்களுக்கு கிரேனோ ஃபோர்க்லிஃப்ட்டோ வேண்டும். லாரி வந்து நின்ற பிறகு தேடினால் காத்திருப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

பலர் விட்டுவிடுவது இன்னொன்று. விற்பவர் தரும் வலிமைக் கணக்கு எந்த ஊர்க் காற்றுக்கும் பனிக்கும் போட்டது? கட்டப்போகும் இடத்துக்கு அது போதுமா என்று உள்ளூர் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டி, எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். இதில் மட்டும் அவசரமே வேண்டாம்.

சி24 போன்ற வலிமைத் தரமும் மரத்தின் ஈரப்பதமும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். உலர்நிலையில் தரம் பிரித்த மரத்துக்குச் சராசரி 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சரக்கு வந்ததும் கட்டுகளின் நடுவில் இருக்கும் சில துண்டுகளில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். கூடுதலாகக் காட்டினால், கையெழுத்துப் போடும் முன் டெலிவரி ரசீதிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம், போல்ட், இணைப்புத் தகடு எல்லாம் விலையில் அடக்கமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.