என்ஐடபிள்யூ மனு: பார்க்கிற வேலையை எழுதாதீர்கள்

போன சனிக்கிழமை ஒரு தம்பி லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தார். "அண்ணா, திங்கக்கிழமை அனுப்பிடலாம்னு இருக்கேன், ஒரு தடவை பாத்துடுங்க." அமெரிக்க கிரீன் கார்டுக்கான என்ஐடபிள்யூ (நேஷனல் இன்ட்ரெஸ்ட் வெய்வர், அதாவது தேசிய நலனுக்கான விலக்கு) மனு. முதலாளியின் தயவு இல்லாமல், நமக்கு நாமே ஐ-140 (குடியேற்ற மனுப் படிவம்) போட்டுக்கொள்ளும் வழி. முதல் வரியைப் படித்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சில வருடங்களுக்கு முன் நான் எழுதித் தோற்ற அதே வரி. இந்த வருடம் அந்த வரியோடு வந்த மூன்றாவது ஆள் இவர்.

கையெழுத்து விட்டுப்போவது, பழைய படிவத்தை அனுப்புவது போன்றவற்றை நான் சொல்லப்போவதில்லை. படிவத்தின் வழிகாட்டியிலேயே எல்லாம் இருக்கிறது.

வேலையையே எண்டெவர் (செய்யப்போகும் காரியம்) என்று எழுதுவது

"என் நிறுவனத்தில் முதுநிலைப் பொறியாளராகத் தொடர்ந்து பணியாற்றி, அமெரிக்காவின் வளர்ச்சிக்குப் பங்களிப்பேன்." இதுதான் அந்த வரி. தம்பியின் முதல் பக்கத்தில் கம்பெனி பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினேன். பதினொன்று.

2016 டிசம்பரில் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் தந்த தனாசர் தீர்ப்புதான் இன்றும் அளவுகோல். மூன்று கேள்விகள். நீங்கள் செய்யப்போகும் காரியத்துக்கு மதிப்பும் தேசிய அளவில் முக்கியத்துவமும் இருக்கிறதா? அதைச் செய்து முடிக்கும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா? வேலைவாய்ப்புக் கடிதம், பெர்ம் (கம்பெனி வாங்க வேண்டிய தொழிலாளர் துறைச் சான்று) இரண்டையும் உங்களுக்காகத் தள்ளுபடி செய்வதால் நாட்டுக்கு லாபமா? முதல் கேள்வியில் வரும் 'காரியம்' தான் எண்டெவர்.

அந்தத் தீர்ப்பைப் பலரும் படிப்பதில்லை. மனுதாரர் ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் பறக்கும் கலங்களின் உந்துவிசையை ஆராய்ந்தவர்; பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். ஆராய்ச்சிக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு என்றார்கள். பாடம் நடத்துவது நல்ல காரியம்தான், ஆனால் அதன் பலன் தன் வகுப்பைத் தாண்டி அந்தத் துறைக்கே பரவும் என்று அவர் காட்டவில்லை என்றார்கள். ஒரே மனிதர், இரண்டு பதில்.

என் கதையில் நடந்தது இதுதான். நான் வேலை பார்ப்பது குடிநீர்த் துறையில். 'தண்ணீர் நாட்டுக்கு முக்கியம், ஆகவே என் வேலையும் முக்கியம்' என்று எழுதியிருந்தேன். துறை முக்கியமா என்பது அங்கே கேள்வியே இல்லை. உங்கள் கம்பெனிக்கும் அதன் வாடிக்கையாளர்களுக்கும் அப்பால் யாருக்குப் பலன் என்று கேட்டு ஆர்எஃப்இ (கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம்) வந்தது. உட்கார்ந்து, புத்தம்புது எண்டெவர் ஒன்றை எழுதிப் பதில் அனுப்பினேன். அங்கேதான் முழுதாக மாட்டிக்கொண்டேன். மனு போட்ட நாளிலேயே தகுதி இருந்திருக்க வேண்டும். பின்னால் அடிப்படையையே மாற்றி ஓட்டையை அடைக்க முடியாது. ஆர்எஃப்இ-க்குப் பதிலாக விளக்கம் தரலாம், ஆதாரம் சேர்க்கலாம், காரியத்தையே மாற்றக் கூடாது. மனு நிராகரிக்கப்பட்டது.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. நிராகரித்த மனுவுக்கு முன்னுரிமைத் தேதி, அதாவது கிரீன் கார்டு வரிசையில் நம் இடத்தைச் சொல்லும் தேதி, கிடையாது. கம்பெனியும் எனக்குப் பெர்ம் தொடங்கியிருக்கவில்லை. மறுபடி போட்டு வாங்குவதற்குள் வரிசையில் பதினான்கு மாதம் பின்னால் போய்விட்டேன். வரிசை எதுவரை நகர்ந்தது என்று சொல்லும் விசா புல்லட்டினை இன்றும் ஒவ்வொரு மாதமும் திறக்கும்போது அந்தப் பதினான்கு மாதம் உறுத்துகிறது.

இரண்டாம் தடவை எழுதியது: "சிறு நகரங்களின் பழைய குடிநீர்க் குழாய்களில் கசிவை, தோண்டாமல், அழுத்த அளவீடுகளை வைத்தே கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கி, எந்த நகராட்சியும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுவது." கம்பெனி பெயர் இல்லை. நாளைக்கே வேலை போனாலும் இந்த வாக்கியம் நிற்கும். உங்கள் வாக்கியத்தையும் அப்படி உரசிப் பாருங்கள்.

குறுக்கு வழி என்ற நினைப்பு

என்ஐடபிள்யூ பெர்மைத் தாண்டுகிறது, வரிசையைத் தாண்டுவதில்லை. அதே இபி-2 (மேற்படிப்பு அல்லது தனித்திறன் உள்ளவர்களுக்கான பிரிவு) வரிசை, இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் நீண்ட வரிசை. ஏற்கெனவே கம்பெனி மூலம் ஐ-140 கிடைத்திருந்தால் அந்தப் பழைய தேதியைப் பெரும்பாலும் இங்கே கொண்டுவரலாம். அதைக் கேட்க மறக்கிறவர்களும் உண்டு.

பரிந்துரைக் கடிதங்கள்

ஐந்து பேராசிரியர்களும் ஒரே வாக்கியத்தில் பாராட்ட மாட்டார்கள்; அப்படி இருந்தால் எழுதியது ஒரே ஆள் என்று தெரிந்துவிடும்.

பிரீமியம்

கூடுதல் கட்டணம் கட்டிச் சீக்கிரம் பதில் வாங்கும் வழி இது. என்ஐடபிள்யூவுக்கு 45 வேலை நாள், 15 அல்ல. பதில்தான் சீக்கிரம் வரும், வரிசை நகராது.

துணைவர் பிறந்த நாடு

இது தவறு என்றுகூடச் சொல்ல முடியாது, யாரும் சொல்லித் தருவதில்லை. வரிசை பிறந்த நாட்டை வைத்து, குடியுரிமையை வைத்து அல்ல. கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டு வரிசையில் இருவரும் நிற்கலாம். கிளம்பும்போது பேச்சுவாக்கில் கேட்டேன். தம்பியின் மனைவி பிறந்தது யாழ்ப்பாணமாம். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார்.