டிஸ்ப்ரப்போர்ஷனேட்: எதற்கு எது மிஞ்சியது?

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்ற பழமொழி தெரிந்தவருக்கு ‘டிஸ்ப்ரப்போர்ஷனேட்’ என்ற ஆங்கிலச் சொல் பாதி தெரிந்த மாதிரிதான். முக்கால் பணம் என்பது தன்னளவில் பெரிய தொகை அல்ல. ஒரு மூட்டை நெல்லைச் சுமந்ததற்கு அந்தக் கூலி என்றால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். சுண்டைக்காயை அருகில் வைத்துப் பார்த்ததும்தான் அது அநியாயமாகிறது. ‘குருவி தலையில் பனங்காய்’ என்பதும் அப்படித்தான். பனங்காய் மட்டும் கிடந்தால் குற்றமில்லை, குருவியும் வேண்டும்.

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். கேட்டு வருபவர்களுக்கு ஆங்கிலத்தில் மனுவும் எழுதிக் கொடுக்கிறேன். இந்த இரண்டு வேலையிலும் இந்தச் சொல் அடிக்கடி வருகிறது. பிள்ளைகள் இதை ‘சமமற்ற’ என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். மனு கொடுக்க வருபவர்களோ ‘மிக அதிகம்’ என்ற பொருளில் எழுதச் சொல்கிறார்கள். இரண்டுமே பொருளைப் பாதியில் விட்டுவிடுகின்றன. ஒன்றின் அளவு, அதனோடு பொருந்தி இருக்க வேண்டிய இன்னொன்றின் அளவை விட்டு விலகிப்போனால்தான் அது டிஸ்ப்ரப்போர்ஷனேட். ஆகவே இதை எழுதப் பேனாவை எடுக்கும்போதே ‘எதற்கு?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் வேறு சொல்லுக்குப் போய்விடலாம்.

பாம்பனிலிருந்து பரமக்குடிக்குக் கருவாடு கொண்டுபோய் விற்கும் அக்கா ஒருவர் மனு எழுத வந்தார். “பஸ்ஸில் கூடைக்கு வாங்கும் லக்கேஜ் கட்டணம் ரொம்ப அதிகம் என்று எழுதுங்கள் டீச்சர்” என்றார். அப்படி எழுதினால் படிக்கும் அதிகாரி, இதுதான் நிர்ணயித்த கட்டணம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அதனால் அவரிடம் கணக்குக் கேட்டேன். ஒரு கூடைக் கருவாடு முழுவதும் விற்றால் 900 ரூபாய். மீன் வாங்கியது, உப்பு, காயவைத்த கூலி எல்லாம் போக அவர் கையில் நிற்பது 200 ரூபாய். கூடைக்குக் கட்டணம் 80 ரூபாய். 900-க்குப் பக்கத்தில் 80 ரூபாயை வைத்தால் பெரிதாகத் தெரியவில்லை. 200-க்குப் பக்கத்தில் வைத்தால் அன்றைய உழைப்பில் ஐந்தில் இரண்டு பங்கு பஸ்ஸோடு போய்விடுகிறது. எனவே ‘எனக்குக் கிடைக்கும் லாபத்துக்குப் பொருந்தாத கட்டணம்’ என்று எழுதினேன். அடுத்த வரியிலேயே அந்த இரண்டு எண்களையும் போட்டேன். இந்தச் சொல்லுக்கு உயிர் கொடுப்பது அந்த எண்கள்தான். எண் இல்லாமல் எழுதினால் வெறும் முறையீடாக நின்றுவிடும்; எண்ணோடு எழுதினால் படிப்பவரே வகுத்துப் பார்த்துக்கொள்வார்.

இலக்கணத்தில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். ‘எதற்கு’ என்று சொல்லும்போது இச்சொல்லை அடுத்து ‘டு’ வர வேண்டும். நம் நான்காம் வேற்றுமை ‘கு’ செய்யும் வேலையை அது செய்கிறது: லாபத்துக்கு, குற்றத்துக்கு, வருமானத்துக்கு. ‘தேன்’ (than) போடக் கூடாது, ‘வித்’தும் பொருந்தாது. உச்சரிக்கும்போது அழுத்தம் ‘போர்’ மீது விழ வேண்டும். நாம் கடைசியில் ‘நேட்’ என்று நீட்டுகிறோம். ஆங்கிலேயர் வாயில் அது ‘னட்’ என்று குறுகிவிடும். பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் ‘டிஸ்ப்ரப்போர்ஷன்’. பேச்சில் இவ்வளவு நீளம் வேண்டாம் என்பவர்களுக்கு ‘அவுட் ஆஃப் ப்ரப்போர்ஷன்’ இருக்கிறது. சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குவதைச் சொல்ல ஆங்கிலத்தில் இந்தத் தொடரைத்தான் எடுக்கிறார்கள்.

சமம் வேறு, விகிதம் வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கப் படகுப் பங்கு கைகொடுக்கிறது. செலவு போக மிஞ்சியதில் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். கணக்கு ஊருக்கு ஊர் மாறும். படகு ஓட்டுபவருக்குக் கூடுதலாகப் போகும். முதன்முதலாகக் கடலுக்கு வந்த பையனுக்குக் குறையும். யாருக்கும் சமமாக வரவில்லை. ஆனாலும் உழைப்புக்கும் பொறுப்புக்கும் ஏற்றபடி பிரிந்திருந்தால் அது ப்ரப்போர்ஷனேட், விரலுக்குத் தகுந்த வீக்கம். இதைத் திருப்பியும் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு ஒரே தொகைதான். இருவர் உள்ள வீட்டுக்கும் ஏழு பேர் உள்ள வீட்டுக்கும் அதே பணம். தொகை சமம். ஆனால் ‘உண்ணும் வாய்களுக்குப் பொருந்தாத நிவாரணம்’ என்று ஏழு பேர் வீட்டுக்காரர் மனுவில் இந்தச் சொல்லைத் தாராளமாகப் போடலாம். சமமாகக் கொடுத்ததே விகிதத்தைக் கெடுக்கும் இடம் இது.

செய்திகளிலும் அறிக்கைகளிலும் அதிகம் வருவது ‘டிஸ்ப்ரப்போர்ஷனேட்லி’ என்ற வினையடை. ‘அஃபெக்டட்’ என்ற சொல்லோடு இது ஒட்டிக்கொண்டே வரும். ஒரு விதி எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. ஆனால் அதன் சுமை ஒரு கூட்டத்தார் தலையில் அவர்கள் பங்குக்கு மீறி விழுகிறது என்றால் இதைப் பயன்படுத்த வேண்டும். நம் பக்கத்து உதாரணம் பாசி எடுக்கும் பெண்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தீவுப் பக்கம் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ஆழ்கடலுக்குப் போகும் படகுக்காரருக்கு வேறு கடல் உண்டு. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கும் பெண்ணுக்கு அந்தத் தீவோரப் பாறைதான் கடல். பவளப்பாறையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காப்பாற்றும் செலவை யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். அதை ஒரே சொல்லில் கேட்க ஆங்கிலத்தில் இந்த வினையடையைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தில் இந்தச் சொல் இன்னும் கூர்மையானது. நாளிதழில் ‘வருமானத்துக்கு அதிகமாகச் சொத்துக் குவித்த வழக்கு’ என்று படிக்கிறோமே, அதில் ‘அதிகமாக’ என்ற இடத்தில் ஆங்கிலத்தில் நிற்பது இதுதான். 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், தெரிந்த வருமான வழிகளுக்குப் பொருந்தாத சொத்து என்று பேசுகிறது. கோடிக்கணக்கில் சொத்து இருப்பது அங்கே குற்றமில்லை. வந்த வழி கணக்கில் இருக்க வேண்டும். கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம், மிகுதியாக இருந்த சொத்து மொத்த வருமானத்தில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்ததால் அதை இந்தச் சொல்லால் குறிக்க முடியாது என்று விட்டது. கொஞ்சம் கூடினாலே இதைப் போட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

தண்டனைக்கும் இதே அளவுகோல்தான். ரஞ்சித் தாக்கூர் என்ற ராணுவ வீரர், சாப்பிடச் சொன்ன உத்தரவை மறுத்தார். அதற்கு ஓராண்டுக் கடுங்காவலும் பணிநீக்கமும் விதித்தது ராணுவ நீதிமன்றம். 1987-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. குற்றத்தோடு பொருந்தாமல் மனசாட்சியையே உலுக்கும் அளவுக்குத் தண்டனை போகக் கூடாது என்றது. அபராதமோ பணிநீக்கமோ பற்றி மனு எழுத வருபவர்களுக்கு இந்த வழக்கைச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை. ‘நான் தவறே செய்யவில்லை’ என்பது ஒரு வாதம். ‘செய்த தவறுக்கு இந்தத் தண்டனை பொருந்தாது’ என்பது வேறு வாதம். இரண்டாவது வாதத்துக்குத்தான் இந்தச் சொல் உதவும்.

குறை சொல்லத்தான் இது என்று நினைத்துவிட வேண்டாம். காரங்காட்டு அலையாத்திக் காட்டுச் சேற்றில் குனிந்து பார்த்தால், ஒரு கொடுக்கு மட்டும் வளர்ந்த சிறிய ஆண் நண்டுகளைக் காணலாம். ஒரு பக்கக் கொடுக்கு அரிசி போல் இருக்கும். மறுபக்கத்தை அது கேடயம் மாதிரி முன்னால் தூக்கி ஆட்டும். உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட அந்த ஒற்றைக் கொடுக்கே இருக்கும். உடலோடு ஒப்பிட்டால் அந்தக் கொடுக்கு டிஸ்ப்ரப்போர்ஷனேட்லி பெரியது. இதில் யார் மீதும் புகார் இல்லை. நம் மாவட்டத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது என்பதையும் இப்படியே சொல்லலாம்.

குழம்பில் உப்புக் கூடினால் இது வேண்டாம். உப்புக் கரிக்கிறது என்றால் போதும். வெயில் அதிகம், கூட்டம் அதிகம் என்பதற்கும் வேண்டாம். பிளஸ் டூ வேதியியல் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அங்கே இது வினைச்சொல். ஒரே தனிமத்தின் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றமும் மறுபகுதி ஒடுக்கமும் அடைவதைக் குறிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிவது போல. அந்த இடத்தில் மட்டும் கடைசி எழுத்தை ‘நேட்’ என்று நீட்டியே சொல்ல வேண்டும்.